பெருந்தொற்று வந்தால் மனநல சேவை என்ன ஆகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநல மாத்திரை சாப்பிடும் ஒருவரை வீட்டில் கவனித்துக்கொள்பவர்கள், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்கள், செவிலியர்கள், மாவட்ட மனநலத் திட்ட ஊழியர்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இவை. உதாரணங்கள் பெரும்பாலும் 2020, 2021 கொரோனா காலத்தவை. மருந்து அளவுகள் பொதுவானவை. யாருக்கு எவ்வளவு என்பதை அவருடைய மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

பெருந்தொற்று வந்ததும் மனநல சேவையில் முதலில் அடிவாங்குவது எது?

மாதாந்திரத் தொடர்ச்சிதான். ஊரடங்கு என்றதும் பேருந்து நிற்கிறது. மாதம் ஒருமுறை அரசு மருத்துவமனை ஓபிக்கு வந்து முப்பது நாள் மாத்திரையை வாங்கிப் போகிறவர் வர முடிவதில்லை. மாவட்ட மனநலத் திட்டத்தின் குறிப்பிட்ட நாள் முகாம்கள் ரத்தாகின்றன. மனநல வார்டு இருந்த தளம் கொரோனா வார்டாகிறது. மனநல மருத்துவரே காய்ச்சல் பிரிவுப் பணிக்கு அனுப்பப்படுகிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2020 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை 130 நாடுகளில் கேட்டபோது, 93 சதவீத நாடுகள் தங்கள் மனநல, நரம்பியல், போதை மீட்பு சேவைகளில் ஒன்றோ பலவோ தடைப்பட்டதாகச் சொல்லின. ஆலோசனையும் உளவியல் சிகிச்சையும் 67 சதவீத நாடுகளில் தடைப்பட்டன. மருந்து கிடைப்பதில் சிக்கல் என்றவை 30 சதவீதம். இந்த 30 சிறிய எண்ணாகத் தெரியும். ஆனால் ஒரு மாதம் ஆலோசனை நின்றால் தள்ளிப்போடலாம். இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை ஒரு மாதம் நின்றால் பலருக்கு வீடே தலைகீழாகிவிடும்.

இந்தியாவில் அடித்தளமே மெலிந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, சிகிச்சை தேவைப்பட்டும் கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் வரை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில், இருந்த கொஞ்சப் பேரையும் வேறு பணிக்கு மாற்றினால் என்ன மிஞ்சும்?

எல்லோருக்கும் பதற்றம் கூடும் காலம் அது. ஆலோசனைத் தொலைபேசி எண்கள் திறந்தால் போதாதா?

திறக்க வேண்டும், ஆனால் போதாது. கொரோனாவின் முதல் ஆண்டில் பதற்றமும் மனச்சோர்வும் உலக அளவில் 25 சதவீதம் கூடியதாக உலக சுகாதார நிறுவனம் 2022 மார்ச்சில் சொன்னது. அந்தக் கூட்டத்தில் பெரும்பாலானோருக்கு ஒரு நல்ல உரையாடல், தூக்க ஒழுங்கு, கொஞ்சம் பண உதவி கிடைத்தாலே நிலைமை தேறும்.

மனச்சிதைவு, இருமுனைக் கோளாறு, கடுமையான போதைப் பழக்கம் உள்ளவர்கள் வேறு வரிசை. இவர்கள் பெரும்பாலும் தாங்களாக அழைக்க மாட்டார்கள். அழைப்பு எண்ணிக்கையை வைத்துச் சேவையை அளந்தால் இவர்கள் கணக்கிலேயே வருவதில்லை. பெருந்தொற்றில் புதிதாக ஒரு ரூபாய் கிடைத்தால் அதை முதலில் பழைய நோயாளியின் மாத்திரையை வீடு சேர்ப்பதற்குச் செலவிட வேண்டும். விளம்பரப் பலகைக்கு அப்புறம் போகட்டும்.

இன்று இந்தியாவில் பொது எண் டெலி மானஸ் 14416. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது, தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது.

வீட்டில் எத்தனை நாள் மாத்திரை கையிருப்பு வேண்டும்?

வழக்கமான முப்பது நாளோடு கூடுதலாகப் பதினான்கு நாள். புது அட்டை வாங்கியதும் பழையதை முதலில் தீர்க்க வேண்டும், இல்லையென்றால் கையிருப்பு காலாவதியாகிவிடும்.

விதிவிலக்கு: அண்மையில் தற்கொலை எண்ணம் இருந்தவர் வீட்டில் கூட்டி வைக்கக் கூடாது. லித்தியமும் அமிட்ரிப்டிலின் வகை மனச்சோர்வு மாத்திரைகளும் அளவு மீறினால் உயிருக்கு ஆபத்து. இவர்களுக்கு ஒரு வாரத்துக்கு மட்டும் கொடுத்து, மாத்திரைப் பெட்டியின் சாவியை இன்னொருவர் வைத்துக்கொள்வது நல்லது.

மாத்திரை தீர்ந்துவிட்டது, மருத்துவமனைக்கு வழியில்லை. என்ன செய்வது?

தீரும்வரை காத்திருக்க வேண்டாம். ஏழு நாள் மீதம் இருக்கும்போதே தொடங்குங்கள். கடைசி மருந்துச் சீட்டையும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும், மருந்தின் பொதுப்பெயரும் மில்லிகிராமும் தெரியும்படி, போனில் படம் எடுத்து வையுங்கள். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தப் படத்தைக் காட்டிக் கேளுங்கள். ரிஸ்பெரிடோன், ஃப்ளூவோக்ஸெடின் போன்றவை பொதுப்பெயரில் வேறு கம்பெனியுடையதாக இருந்தாலும் அதே மருந்துதான். நிறம் மாறினால் நோயாளி சந்தேகப்படுவார், முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

செய்யக் கூடாதது ஒன்று: "இருப்பதை நீட்டிக்கலாம்" என்று மாத்திரையை ஒன்றுவிட்டு ஒருநாள் கொடுப்பது. லோராசெபாம், குளோனாசெபாம், வால்ப்ரோயேட் ஆகியவற்றைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். வென்லாஃபாக்ஸின், பராக்ஸெடின் நின்றால் இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல், குமட்டல், மின்சாரம் தட்டுவது போன்ற உணர்வு. இதைக் கொரோனா என்று நினைத்துப் பரிசோதனைக்கு ஓடியவர்கள் உண்டு.

குளோசபின் சாப்பிடுபவருக்கு ரத்தப் பரிசோதனை எடுக்க முடியவில்லை. மருந்தை நிறுத்திவிடலாமா?

தன்னிச்சையாக நிறுத்தக் கூடாது. வேறு மருந்துகள் கேட்காத மனச்சிதைவுக்குக் கொடுக்கப்படுவது இது. திடீரென நின்றால் நோய் மூர்க்கமாகத் திரும்பும். பரிசோதனை ஏன் என்றால், சிலருக்கு வெள்ளையணுக்களில் ஒருவகையான நியூட்ரோஃபில் குறைந்து உயிருக்கே ஆபத்தாகும். அந்த ஆபத்து முதல் சில மாதங்களில்தான் மிக அதிகம். பிரிட்டனில் முதல் 18 வாரம் வாரா வாரம், ஓராண்டு முடியும்வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, பிறகு மாதா மாதம் எடுப்பது வழக்கம். 2020இல் பல நாட்டு மனநல மருத்துவர்கள் சேர்ந்து ஒரு தளர்வைப் பரிந்துரைத்தார்கள்: ஓராண்டுக்கு மேல் சாப்பிட்டுவருபவர், நியூட்ரோஃபில் எண்ணிக்கை (ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில்) ஒருமுறையும் 2,000க்குக் கீழே போகாதவர், ஆய்வகத்துக்குப் பாதுகாப்பாகப் போக வழியில்லாதவர் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். புதிதாகத் தொடங்கியவர்களுக்கு இந்தத் தளர்வு பொருந்தாது.

ஏமாறும் இடங்கள் மூன்று.

முதலாவது காய்ச்சல். குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்தால், "கொரோனாதான்" என்று வீட்டிலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். நியூட்ரோஃபில் சரிவும் இதே அறிகுறிகளோடுதான் வரும். கொரோனா பாசிட்டிவ் என்று வந்தாலும் அன்றே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும்.

இரண்டாவது, உடலில் கடும் அழற்சி இருக்கும்போது கல்லீரல் இந்த மருந்தை மெதுவாகத்தான் கழிக்கிறது. அதே மாத்திரையே ரத்தத்தில் இரண்டு மடங்காகலாம். அளவுக்கு மீறிய தூக்கம், எச்சில் வழிதல், கைகால் வெட்டி இழுத்தல், வலிப்பு என்று போகும். காய்ச்சல் நாட்களில் மருத்துவர் அளவைப் பாதிவரை குறைத்து, காய்ச்சல் விட்டு மூன்று நாள் கழித்துப் படிப்படியாக ஏற்றுவார். பீடி, சிகரெட் பிடிப்பவர் கொரோனா வார்டில் சேர்ந்து திடீரெனப் புகையை நிறுத்தினாலும் மருந்தின் அளவு ஏறும். புகையிலுள்ள வேதிப்பொருட்கள்தான் அதுவரை மருந்தை வேகமாகக் கழித்துக்கொண்டிருந்தன. வார்டில் சேர்க்கும்போது "ஒருநாளைக்கு எத்தனை பீடி?" என்று கேட்கும் மருத்துவர் பாதிப் பிரச்சினையைத் தவிர்த்துவிடுகிறார்.

மூன்றாவது, 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவில் தொடங்கக் கூடாது. 12.5 மில்லிகிராமிலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும். 300 சாப்பிட்டவர் நான்கு நாள் கழித்து 300ஐயே போட்டால் ரத்த அழுத்தம் விழுந்து மயங்கிவிடலாம்.

லித்தியம் சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் வந்தால்?

தண்ணீர், உப்பு இரண்டும் குறையக் கூடாது. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் வேண்டாம். சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதை அவை தடுக்கும். வாந்தி, பேதி, கை பெரிதாக நடுங்குவது, பேச்சுக் குழறுவது, நடை தள்ளாடுவது இவற்றில் ஏதாவது தெரிந்தால் அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். ரத்தம் எடுப்பது கடைசி மாத்திரைக்கு 12 மணி நேரம் கழித்து. ரத்தத்தில் லித்தியம் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம், 1.5ஐத் தாண்டினால் நச்சு நிலை.

மாதம் ஒருமுறை போடும் ஊசி தள்ளிப்போனது, ஆனால் ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்?

அதுதான் இந்த ஊசியின் ஏமாற்று. நம் அரசு மருத்துவமனைகளில் அதிகம் போடுவது ஃப்ளூஃபெனசின் டெக்கனோயேட் 25 மில்லிகிராம், இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. மருந்து நல்லெண்ணெயில் கரைக்கப்பட்டிருக்கும்; தசைக்குள்ளிருந்து வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கசியும். அதனால் ஊசி விட்டுப்போன மாதம் ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்த மாதங்களில் தூக்கம் கெடும், தனியாகப் பேசுவது தொடங்கும். அப்போது யாரும் விட்டுப்போன ஊசியை நினைவுபடுத்திக்கொள்வதில்லை. "ஊரடங்கால் இப்படி ஆகிவிட்டார்" என்பார்கள்.

இந்த ஊசியை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போடலாம். பழகாத செவிலியருக்குச் சில குறிப்புகள்: சிரிஞ்சும் ஊசியும் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும், ஈரம் பட்டால் மருந்து கலங்கிவிடும். எண்ணெய் கெட்டியானது, 21 கேஜ் ஊசி வேண்டும். பிட்டத் தசையில் ஆழமாக, மெதுவாகச் செலுத்த வேண்டும். அட்டையில் அடுத்த தேதியை எழுதாமல் அனுப்பாதீர்கள்.

போனிலேயே மனநல மருத்துவரைப் பார்க்கலாமா? மருந்து எழுதித் தருவாரா?

பார்க்கலாம். இந்திய அரசு 2020 மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அதற்குமுன் இது சட்டரீதியாகத் தெளிவில்லாமல் கிடந்தது. மருந்துகள் பட்டியல் பட்டியலாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன: சில மருந்துகளை முதல் வீடியோ சந்திப்பிலேயே எழுதலாம், சிலவற்றைத் தொடர் நோயாளிக்குத்தான் எழுதலாம், போதைமருந்து மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கீழ் வருபவற்றை எழுதவே கூடாது. கடைசி வகையில் மனநல மருத்துவத்தில் தினசரி புழங்கும் தூக்க மாத்திரைகளும் பதற்ற மாத்திரைகளும் மாட்டிக்கொண்டன. குளோனாசெபாம் போன்ற சிலவற்றுக்குப் பின்னர் தளர்வு வந்தது. வருடக்கணக்கில் லோராசெபாம் எடுப்பவர்கள் நேரில் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது.

தமிழ்நாட்டுக்கு இந்த முறை புதிதல்ல. சென்னையிலுள்ள ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் 2010 முதலே புதுக்கோட்டை கிராமங்களுக்குப் பேருந்தில் திரையும் மருந்துக் கடையும் வைத்து அனுப்பியது. நோயாளி பேருந்தில் ஏறுவார், சென்னை மருத்துவர் திரையில் பேசுவார், மாத்திரையை அங்கேயே கொடுத்துவிடுவார்கள். தொலைச் சிகிச்சையில் படமும் குரலும் சேர்ந்துவிடும், மாத்திரைதான் சேராது. அதைச் சேர்த்து யோசித்ததுதான் அந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம்.

மருத்துவர்களுக்கு: அழைப்பைத் தொடங்கியதும் முதல் கேள்வி "இப்போது எந்த ஊரில், எந்த வீட்டில் இருக்கிறீர்கள்?" என்பதாக இருக்கட்டும்; இரண்டாவது, பக்கத்திலிருக்கும் ஒருவரின் எண். பேச்சு நடுவில் அறுந்து ஆபத்தாகிவிட்டால் இந்த இரண்டுதான் கைகொடுக்கும். அடுத்து, அறையில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரே அறை வீட்டில் மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது மருமகள் அடி வாங்குவதைச் சொல்ல மாட்டாள். ஆம், இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேள்விகளை மாற்றிக்கொள்ளலாம்; அல்லது அவள் மொட்டை மாடிக்குப் போகும் நேரம் கேட்டு அப்போது அழைக்கலாம். கேமரா தன்னைக் கண்காணிக்கிறது என்று நம்பும் நோயாளியிடம் வீடியோவை வற்புறுத்தாதீர்கள்.

முதன்முறை மனநோய், சாப்பிடாமல் பேசாமல் உறைந்திருப்பது, உடனடித் தற்கொலை அபாயம், குழப்பமான நினைவு, இவற்றுக்குப் போன் கூடாது. நேரில்தான்.

மதுக்கடை திடீரென மூடினால் நல்லதுதானே?

குடிக்கு அடிமையாகாதவருக்கு நல்லது. தினமும் காலையிலேயே குடித்து உடல் பழகிப்போனவருக்கு மரணம்வரை போகலாம். 2020 மார்ச் 24 மாலை டாஸ்மாக் மூடியது. மே 7 திறந்தது, மறுநாளே சென்னை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது, 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவுக்குத் தடை விதிக்க, 16இல் மறுபடி திறந்தது. ஏறக்குறைய ஆறு வாரம், எந்த மருத்துவத் தயாரிப்பும் இல்லாமல் ஒரு மாநிலமே குடியை நிறுத்தியது.

கடைசிக் குடிக்குப் பின் ஆறு மணி நேரத்திலேயே கை நடுங்கும், வியர்க்கும், தூக்கம் போகும். 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு. 48 முதல் 96 மணி நேரத்துக்குள் பூச்சி ஊர்கிறது, ஆட்கள் வருகிறார்கள் என்ற மாயக்காட்சியும் குழப்பமும் காய்ச்சலும். ஆகவே கடை மூடிய நாள் முதல் ஐந்தாம் நாள்வரை ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் டயாசெபாம் அல்லது லோராசெபாம் ஊசியும் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் கையிருப்பில் இருக்க வேண்டும். குளுக்கோஸ் ஏற்றுவதற்குமுன் தயமின். வரிசை மாறினால் மூளைப் பாதிப்பு வரலாம்: கண் அசைவு கெடும், நடை தள்ளாடும், நினைவு நிரந்தரமாகப் போகும். நீண்டநாள் குடித்தவரின் குடல் வைட்டமின் மாத்திரையைச் சரியாக உறிஞ்சாது, அதனால்தான் ஊசி.

கேரள அரசு மார்ச் 30 அன்று மருத்துவர் சீட்டோடு மது தரலாம் என்று ஆணையிட்டது. மருத்துவர்கள் எதிர்க்க, ஏப்ரல் 2இல் உயர் நீதிமன்றம் நிறுத்திவைத்தது. நிறுத்தியது சரி. மருந்தால் பாதுகாப்பாகச் செய்யக்கூடியதை மதுவால் செய்யத் தேவையில்லை. ஆனால் அந்த மருந்து கிராமத்துக்கு எப்படிப் போகும் என்ற கேள்விக்கு இரு மாநிலங்களிலும் பதில் தயாராக இல்லை. அந்த ஜூலை இறுதியில் ஆந்திராவின் குரிச்சேடுவில் சானிடைசர் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

மனநல மருத்துவமனைக்குள் தொற்று ஏன் அவ்வளவு வேகமாகப் பரவுகிறது?

பூட்டிய வார்டு, திறக்காத ஜன்னல், நீண்ட கூடம், ஒரே சாப்பாட்டு அறை, பொதுக் கழிப்பறை. 2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் சோங்டோ (Cheongdo) வட்டாரத்தில் ஒரு மருத்துவமனையின் மூடிய மனநல வார்டில் இருந்த நூறு பேருக்கும் மேற்பட்டோரில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் தொற்றியது. அந்நாட்டின் முதல் கொரோனா மரணமே அங்குதான். வருடக்கணக்கில் உள்ளேயே இருந்தவர்கள், வெளிக்காற்றே படாதவர்கள். தொற்று வெளியிலிருந்துதான் வந்திருக்க முடியும்.

மனச்சிதைவு உள்ளவர் மூச்சுத்திணறலைத் தானாகச் சொல்லாமல் இருக்கலாம். எனவே கேட்டு எழுதுவது போதாது. காலையும் மாலையும் வெப்பநிலை, ஆக்சிஜன் அளவு இரண்டையும் எல்லோருக்கும் பார்க்க வேண்டும். புதிதாகச் சேருபவருக்குத் தனி அறை. சாப்பாட்டைச் சிறு குழுக்களாக, வராண்டாவில் கொடுக்கலாம். ஒரு வார்டின் ஊழியர் அடுத்த வார்டுக்குப் போகக் கூடாது. இரவுப் பணியில் ஆள் குறையும்போது இந்த விதிதான் முதலில் மீறப்படுகிறது. பார்வையாளரைத் தடுத்தால் வாரம் இருமுறையாவது வீட்டோடு போன் பேச வைக்க வேண்டும், இல்லையென்றால் "என்னைக் கைவிட்டுவிட்டார்கள்" என்ற எண்ணம் ஊன்றிவிடும்.

மின்னதிர்ச்சிச் சிகிச்சையை நிறுத்தலாமா?

முற்றாக நிறுத்தியது பல இடங்களில் நடந்தது, தவறு. மயக்க நிலையில் முகமூடியால் காற்றடிக்கும்போது துளிகள் பறக்கும் என்ற பயம் நியாயமானது. முன்கூட்டியே போதிய ஆக்சிஜன் கொடுத்துக் காற்றடிப்பதைக் குறைத்து, வடிகட்டி பொருத்தி, அறையில் ஆட்களைக் குறைத்துத் தொடரலாம். சாப்பிடாமல் உறைந்துபோனவருக்கும் கடும் தற்கொலை அபாயம் உள்ளவருக்கும் இது அவசர சிகிச்சை. மற்றவர்களைத் தள்ளிப்போடலாம்.

மனநோயுள்ளவருக்குத் தொற்று வந்தால் கொரோனா வார்டு சேர்க்க மறுக்கலாமா?

மறுக்கக் கூடாது. 2017 மனநல சிகிச்சைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய் உள்ளவருக்குச் சமமாக நடத்த வேண்டும் என்கிறது. 94ஆம் பிரிவின்படி அவசரத்தில் பதிவு பெற்ற எந்த மருத்துவரும் 72 மணி நேரம்வரை சிகிச்சை தரலாம். மனநல மருத்துவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

வார்டு மருத்துவர் பார்க்க வேண்டியவை: திடீரெனக் குழப்பம் என்றால் முதலில் ஆக்சிஜன் குறைவா என்று பாருங்கள், பழைய மனநோய் மீது பழி போடாதீர்கள். டெக்ஸாமெத்தசோன் தொடங்கியபின் தூக்கம் கெட்டு அதிகம் பேசினால் ஸ்டீராய்டின் விளைவாக இருக்கலாம். ரிட்டோனவிர் சேர்ந்த கொரோனா மாத்திரை கொடுப்பதற்குமுன் குளோசபின், குவெட்டியாபின், கார்பமசெபின் சாப்பிடுகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

பெருந்தொற்றில் தற்கொலை கூடுமா?

உடனே கூடும் என்று சொல்ல முடியாது. 21 நாடுகளின் தரவுகளைப் பார்த்த ஆய்வில் 2020இன் ஆரம்ப மாதங்களில் பெரும்பாலான இடங்களில் கூடவில்லை. ஜப்பானில் முதலில் குறைந்து, ஜூலைக்குப் பின் பெண்களிடம் குறிப்பாகக் கூடியது. இந்தியாவில் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கு 2019இல் 1,39,123, 2020இல் 1,53,052, 2021இல் 1,64,033. ஊரடங்கு முடிந்து, கடனும் வேலையிழப்பும் வீட்டுக்குள் வந்தபின்தான் அதிகக் கவனம் வேண்டும். கண்காணிப்பு நிதியை முதல் மூன்று மாதத்தோடு முடித்துவிடுவது வழக்கமாக நடக்கும் தவறு. இப்போதே அப்படி ஓர் எண்ணம் யாருக்காவது இருந்தால் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம்.

அடுத்த பெருந்தொற்றுக்கு மாவட்டம் இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

ஒரு பதிவேடு. அதில் குளோசபின், லித்தியம், நீண்டநாள் ஊசி பெறுபவர்கள், தனியாக வாழ்பவர்கள், வயதான ஒரே ஒரு கவனிப்பாளர் உள்ளவர்கள் ஆகியோரின் பெயர், இரண்டு போன் எண், மருந்து அளவு, அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எண்களை அழைத்துச் சரிபார்க்க வேண்டும். போன் எண் மாறுவதில்தான் பாதிப் பதிவேடு செத்துப்போகிறது. ஊரடங்கு அறிவித்த முதல் வாரத்தில் இவர்களை மட்டும் அழைத்தால் போதும். மருந்தை வீடு சேர்க்க வழியும் இருக்கிறது: 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகள் வாசலுக்கே போகின்றன. மனநல மாத்திரையும் அதே பையில் போகலாம். தனியாக ஒரு வண்டி தேவையில்லை.

கவனித்துக்கொள்ளும் அம்மாவுக்கே தொற்று வந்து மருத்துவமனைக்குப் போய்விட்டால்?

அந்த நாளுக்காக ஒரு பக்கத் தாள் எழுதி, அரிசி டின்னுக்குப் பக்கத்திலோ சாமி படத்துக்குக் கீழேயோ ஒட்டி வையுங்கள். மாத்திரை பெயர், அளவு, வேளை. ஊசி தேதி. மருத்துவமனைப் பதிவு எண். ஒத்துக்கொள்ளாத மருந்து. கோபம் வந்தால் எதைச் சொன்னால் அடங்குவார், எதைச் சொல்லக் கூடாது. என்ன சாப்பிடுவார். யார் கொடுத்தால் மாத்திரையை வாங்கிக்கொள்வார். அப்படி அம்மாவைத் தவிர யாருமே இல்லையென்றால், இப்போதே வாரம் ஒருநாள் அக்காவோ சித்தப்பாவோ கொடுத்துப் பழக்குங்கள்.